கிரிப்டோ கடன்: வட்டி, சுதந்திரம், நியாயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிப்டோவைக் கடனுக்கு விடுவது, அதை அடகு வைத்துக் கடன் வாங்குவது பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "என் காசு, என் இஷ்டம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை" என்று நிற்கும். இன்னொரு கட்சி "வட்டிக்கடைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று சிரிக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வழக்கமாக வரும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நடுநிலையாக எழுத முயலவில்லை, என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

கிரிப்டோ கடன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு விஷயங்களை ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது கம்பெனி வழி. உங்கள் பிட்காயினை ஒரு கம்பெனியிடம் கொடுக்கிறீர்கள், அவர்கள் அதை வேறு யாருக்கோ கடனாக விட்டு, வருகிற வட்டியில் ஒரு பங்கை உங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் செல்சியஸ், வாயேஜர், பிளாக்ஃபை எல்லாம் இந்த ரகம். மூன்றுமே 2022-இல் திவால் மனு கொடுத்துவிட்டன.

இரண்டாவது நிரல் வழி. ஆவே, காம்பவுண்ட், மேக்கர் போன்றவை. இங்கே கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற ஆள் கிடையாது, பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே மாதிரி பதிவாகும் பொதுக் கணக்கேடு) ஓடும் நிரல்தான், அதாவது கணினி புரோகிராம்தான், கடன் கொடுக்கிறது. உங்கள் பெயர், சம்பளம், சிபில் ஸ்கோர் எதுவும் அதற்கு வேண்டாம். வாங்கும் கடனைவிட அதிக மதிப்புள்ள காயினை அடகாக வைத்தால் போதும். நம் ஊர் நகைக்கடன் மாதிரியேதான், ஒரு பெரிய வித்தியாசத்தோடு: நகைக்கடனில் வட்டி கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும், ஏலத்துக்குத் தேதி குறிப்பார்கள், அதற்குள் யாரிடமாவது கைமாற்று வாங்கி மீட்டுவிடலாம். இங்கே அடகுப் பொருளின் விலை எல்லைக்குக் கீழே போன நொடியிலேயே யார் வேண்டுமானாலும் உங்கள் கடனை அடைத்துவிட்டு உங்கள் காயினைத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கென்றே இரவு பகலாக பாட்கள் (தானாக இயங்கும் புரோகிராம்கள்) காத்துக்கிடக்கின்றன.

2020 மார்ச் 12 அன்று, எத்தீரியம் பிளாக்செயினின் காயினான ஈதரின் விலை ஒரே நாளில் பாதிக்கு அருகில் சரிந்தது. நெட்வொர்க்கில் நெரிசல், கட்டணம் எகிறிவிட்டது, அடகுக் காயினை விற்க மேக்கர் நடத்தும் ஏலங்களில் பலரால் விலை கேட்கவே முடியவில்லை. கேட்க முடிந்த சிலர் பூஜ்ஜியம் என்று கேட்டார்கள். போட்டிக்கு ஆளில்லாததால் அதுவே வென்றது. 80 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஈதரைக் காசு கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போனார்கள். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

கையில் காயின் வைத்திருப்பவர் அதை விற்காமல் ஏன் கடன் வாங்க வேண்டும்?

விலை ஏறும் என்று நம்புகிறார், அல்லது விற்றால் வரி கட்ட வேண்டும் என்று யோசிக்கிறார், அல்லது வாங்கிய கடனில் மேலும் காயின் வாங்கி அதையும் அடகு வைக்கப் போகிறார். இதில் எங்கேயும் மகன் காலேஜ் ஃபீஸுக்கு அலையும் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். "வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகளுக்குக் கடன் கிடைக்க வழி செய்கிறோம்" என்ற விளம்பரத்தில் எனக்கு உள்ள முதல் சிக்கல் இதுதான். 100 ரூபாய்க்கு 150 ரூபாய் அடகு கேட்கும் இடத்தில் ஏழைக்கு என்ன வேலை?

இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட ஒப்பந்தம். வட்டி எவ்வளவாக இருந்தால் மூன்றாம் ஆளுக்கு என்ன?

இந்த வாதம் கிரிப்டோவோடு பிறந்ததல்ல. 1787-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் இதைத்தான் வாதிட்டார்: புத்தி தெளிந்த, வயது வந்த ஒருவன் கண் திறந்து போடும் கடன் பேரத்தை, அவன் நன்மைக்கு என்று சொல்லித் தடுக்கக் கூடாது. அவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் யார் தெரியுமா? ஆடம் ஸ்மித். சுதந்திரச் சந்தைக்காரர்கள் படம் மாட்டிக் கும்பிடும் அதே ஆடம் ஸ்மித், வட்டிக்குச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கட்டும் என்றவர். வரம்பு இல்லாவிட்டால் பணம் முழுவதும் ஊதாரிகள் கையிலும், ஆகாத திட்டத்தைக் காட்டிப் பணம் திரட்டுபவர்கள் கையிலும் போய்ச் சேரும் என்பது அவர் கவலை. 2022-ஐப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கச் சுவாரசியமாக இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு வேறு அனுபவம் உண்டு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்ய 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாய் கட்டும் தள்ளுவண்டிக்காரரும் சம்மதித்துத்தான் வாங்குகிறார். அவருக்கு வேறு வழியில்லை என்பதும் வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தெரியும்.

சரி, ஆவேயில் கடன் வாங்குகிறவர் அந்தத் தள்ளுவண்டிக்காரர் இல்லையே? இல்லைதான். அங்கே யாரும் வீட்டு வாசலில் வந்து கத்துவதில்லை, அடகு போனதோடு கணக்கு முடிந்தது, அதற்குமேல் துரத்தல் கிடையாது. அதனால் கடன் வாங்குகிறவரைப் பொறுத்தவரை பெந்தம் வாதம் இங்கே ஓரளவு எடுபடும் என்றே நினைக்கிறேன். பிரச்சினை கடன் வாங்குகிறவர் பக்கத்தில் இல்லை, கொடுக்கிறவர் பக்கத்தில் இருக்கிறது. அதாவது, தான் கடன் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

அது எப்படி? கடன் கொடுப்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

செல்சியஸ் கதையைப் பாருங்கள். அலெக்ஸ் மாஷின்ஸ்கி என்பவர் நடத்திய கம்பெனி. "வங்கிகள் உங்கள் நண்பர்கள் இல்லை" என்று எழுதிய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார். வாராவாரம் நேரலையில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வங்கியிலிருந்து விடுதலை என்பதுதான் கோஷம். ஆண்டுக்கு 17 சதவீதம் வரை வட்டி. வாடிக்கையாளர்கள் பலர் இதை ஒரு சேமிப்புக் கணக்கு என்றுதான் நினைத்தார்கள், அப்படி நினைக்கும்படிதான் அவரும் பேசினார்.

விதிமுறைகளில் இருந்தது வேறு. ஏர்ன் என்ற வட்டிக் கணக்கில் காயினைப் போட்ட கணமே அதன் உரிமை முழுவதும் கம்பெனிக்கு மாறிவிடும், அதை அடகு வைக்கலாம், விற்கலாம், வேறு ஆளுக்குக் கடன் விடலாம், கம்பெனி திவாலானால் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காமலும் போகலாம். 2022 ஜூன் 12 அன்று பணம் எடுப்பதை நிறுத்தினார்கள், ஒரு மாதம் கழித்து திவால் மனு, கணக்கில் சுமார் 120 கோடி டாலர் ஓட்டை. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள், பிள்ளைகள் படிப்புக்கு வைத்ததைப் போட்டவர்கள் எல்லாம் நீதிபதிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். 2023 ஜனவரி 4 அன்று நியூயார்க் திவால் நீதிமன்ற நீதிபதி மார்ட்டின் க்ளென் தீர்ப்புச் சொன்னார்: ஏர்ன் கணக்குகளில் இருந்த சுமார் 420 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் கம்பெனியுடையவை, சுமார் 6 லட்சம் கணக்குக்காரர்களும் அடமானம் எதுவுமில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதே கம்பெனியில் வட்டி வராத கஸ்டடி கணக்கில் வைத்திருந்தவர்களின் காயின் அவர்களுடையது என்று ஆனது. ஒரே ஆப், ஒரே திரை, ஒரு பட்டனை அழுத்தினீர்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இன்னும் ஒன்று. இந்தக் கணக்குக்காரர்களுக்குச் சேர வேண்டியதை, மனு கொடுத்த அன்றைய விலையில் டாலராகக் கணக்கிட்டார்கள். அன்று பிட்காயின் 20,000 டாலரை ஒட்டி இருந்தது. 2024 ஜனவரியில் பணம் திரும்பத் தர ஆரம்பித்தபோது அது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. டாலரே வேண்டாம் என்று பிட்காயினுக்குப் போனவர்கள் தங்கள் இழப்பை டாலர் கணக்கில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மாஷின்ஸ்கி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2025 மே மாதம் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கம்பெனி தானே வெளியிட்ட செல் என்ற டோக்கனின் (காயின் மாதிரிதான்) விலையைக் கம்பெனிப் பணத்தால் தூக்கி நிறுத்திக்கொண்டே, தன் கையில் இருந்ததை விற்றுக் காசாக்கியதும் அந்தக் குற்றத்தில் சேர்த்தி.

ஆனால் விதிமுறையில் எழுதித்தானே வைத்திருந்தார்கள்? படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் குற்றம்?

சட்டப்படி நீதிபதி சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் உள்ளதைத்தானே அவர் படிக்க முடியும். ஆனால் சட்டத்தில் சரி என்பதால் நியாயத்திலும் சரி ஆகிவிடாது. கம்பெனித் தலைவர் கேமரா முன்னால் "உங்கள் காயின் உங்களுடையது" என்ற தொனியில் பேசுகிறார், கம்பெனியின் வக்கீல் பத்தாவது பக்கத்தில் அதற்கு நேர் எதிராக எழுதுகிறார். மக்கள் எதை நம்புவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சம்மதம் வாங்கிவிட்டோம் என்று சொல்பவர், எதற்குச் சம்மதம் வாங்கினார் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சுதந்திரம் பேசுகிறவர்கள்தான் இதில் முதல் ஆளாகக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவர்களுடைய மொத்தக் கட்டடமும் ஒப்பந்தம் என்ற ஒரே தூணில் நிற்கிறது.

இந்தியாவில் நம் காயின் நம்முடையதா?

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தொட்டிருக்கிறார். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற, கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் ஹேக் செய்யப்பட்டுக் களவு போயின. போனவை எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், ஆனால் தளம் எல்லோருடைய கணக்கையும் முடக்கிவிட்டது. இழப்பை எல்லோர் தலையிலும் பங்கு போடும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றம் வழியாக வந்தது. 3,532.30 எக்ஸ்ஆர்பி என்ற வேறு காயின் வைத்திருந்த ஒருவர், களவு போனது என் காயினே இல்லையே, நான் ஏன் சுமக்க வேண்டும் என்று சென்னையில் இடைக்காலப் பாதுகாப்பு கேட்டார். கிரிப்டோ கையில் தொடக்கூடிய பொருள் இல்லை, பணமும் இல்லை, ஆனாலும் அது சொத்துதான், ஒருவர் அனுபவிக்கவும் வைத்திருக்கவும் கூடிய சொத்து, மற்றவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கவும் கூடியது என்று சொல்லி அவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார் நீதிபதி.

இதை வைத்து செல்சியஸில் போட்டிருந்தாலும் தப்பித்திருப்போம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த மனுதாரர் காயினை வாங்கி வைத்திருந்தார், வட்டிக்கு விடவில்லை.

நிரல்தான் சட்டம் என்கிறார்களே, அங்கே ஏமாற்ற வழியில்லை அல்லவா?

மாங்கோ மார்க்கெட்ஸ் என்று, சோலானா என்ற பிளாக்செயினில் ஒரு கடன்–வர்த்தக மேடை இருந்தது. 2022 அக்டோபரில் ஆவ்ரஹாம் ஐசன்பெர்க் என்பவர் அங்கே இரண்டு கணக்கு திறந்தார். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அதாவது தனக்குத் தானே, மாங்கோ டோக்கன் விலை மீது மிகப் பெரிய பந்தயம் வைத்தார். பிறகு வெளிச் சந்தைகளில் அந்த டோக்கனை வாங்கித் தள்ளி விலையைச் சில நிமிடங்களில் பல மடங்கு ஏற்றினார். அதிக ஆட்கள் வாங்கி விற்காத டோக்கன் அது, ஏற்றுவது சுலபம். ஏறிய விலையில் அவர் கணக்கில் காகித லாபம் குவிந்தது. அந்த லாபத்தை அடகாகக் காட்டி, மேடையில் மற்றவர்கள் போட்டு வைத்திருந்த சுமார் 11 கோடி டாலரையும் கடனாக எடுத்துக்கொண்டார். திருப்பிக் கட்டும் எண்ணமே இல்லை, விலை விழுந்ததும் அடகுக்கு மதிப்பும் இல்லை.

வேடிக்கை அடுத்துத்தான். மாங்கோவின் நிர்வாக வாக்கெடுப்பில், தன்னிடம் இருந்த மாங்கோ டோக்கன்களை வைத்து, தன் மேல் வழக்குப் போடக் கூடாது என்ற தன் தீர்மானத்துக்குத் தானே வாக்குப் போட்டார். பிறகு ஒரு பேரத்தில் சுமார் 6.7 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேடை வடிவமைக்கப்பட்ட விதத்திலேயே அதைப் பயன்படுத்தியதாகவும், செய்தது எல்லாம் சட்டபூர்வமான வர்த்தகம் என்றும் ட்விட்டரில் தன் பெயரிலேயே எழுதினார். 2024-இல் ஜூரி குற்றவாளி என்றது. 2025 மே மாதம் நீதிபதி அருண் சுப்ரமணியன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். சில குற்றச்சாட்டுகளுக்கு நியூயார்க்கில் வழக்கு நடத்தவே இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கேள்விக்கு நேரடியாக வருகிறது: பொய் சொல்லி ஏமாற்றினார் என்று நிரூபிக்க, அவர் எந்தப் பொய்யைச் சொன்னார்? கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றோ, விலையை ஏற்றக் கூடாது என்றோ அங்கே விதியே இல்லையே.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, நிரல்தான் சட்டம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது" என்று கொண்டாடினவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. அந்த மேடையில் பணம் போட்டவர்கள் நம்பியது, இது கடன் மேடை, கடன் என்றால் திரும்பி வரும் என்பதை. அந்தச் சாதாரண அர்த்தம் நிரலில் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு, எழுதவில்லை என்று தெரிந்து அள்ளியவருக்கும் உண்டு. இந்த வழக்கில் தண்டனை இல்லை என்பதால் நல்ல காரியம் செய்தார் என்று ஆகாது.

அப்படியானால் பயனர்களே கூடி வாக்குப் போட்டு ஒழுங்குபடுத்தலாமே?

போட்டுப் பார்த்தார்கள். 2022 ஜூனில், அதே சோலானாவில் இருந்த சோலெண்ட் என்ற கடன் மேடையில், ஒரே ஒரு பெரிய புள்ளி 57 லட்சம் சோலானா காயினை அடகு வைத்து 10.8 கோடி டாலர் கடன் எடுத்திருந்தார். சோலானா விலை 22.30 டாலருக்கு இறங்கினால் அவர் அடகு சந்தையில் கொட்டப்பட்டு மொத்த மேடையும் ஆடிப்போகும் நிலை. ஆளைத் தொடர்பு கொள்ளவும் முடியவில்லை. அவருடைய கணக்கைத் தற்காலிகமாக நாமே கையில் எடுத்து, பக்குவமாக விற்கலாம் என்று தீர்மானம் வந்தது. 97 சதவீதத்துக்கு மேல் ஆதரவு! ஆதரவு வாக்குகளில் பெரும்பகுதி ஒரே ஒரு வாலட்டிலிருந்து (கிரிப்டோ கணக்கு) வந்தது என்பது பிறகுதான் பலர் கண்ணில் பட்டது. "யாரும் உங்கள் பணத்தைத் தொட முடியாது" என்று சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் வாக்குப் போட்டே ஒருவர் பணத்தைத் தொடலாம் என்றானதும் பெரிய கூச்சல். மறுநாளே இன்னொரு வாக்கெடுப்பு வைத்து முதலாவதை ரத்து செய்தார்கள்.

அந்த முதல் தீர்மானம் தப்பு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிறு சிறு தொகை போட்ட ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்ற ஒருவர் கணக்கில் கைவைப்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் செய்ய முடியும் என்றால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இருபது சதவீத வட்டி கேட்டால் இப்படித்தான் ஆகும். பேராசைக்காரனுக்கு எதற்கு இரக்கம்?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் டெர்ரா–லூனாவை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். டெர்ரா திட்டத்தின் யுஎஸ்டி என்ற காயின், எப்போதும் ஒரு டாலர் என்று சொல்லப்பட்டது. அதை ஆங்கர் என்ற மேடையில் போட்டால் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டியிலிருந்து மட்டும் அது வரவில்லை, போதாத பணத்தை ஒரு கையிருப்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள், 2022 பிப்ரவரியில் மட்டும் 45 கோடி டாலர் ஊற்ற வேண்டியிருந்தது. மே மாதம் எல்லாம் ஒரு வாரத்தில் சரிந்து சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு ஆவியானது. நிறுவனர் டோ குவோன் 2025 ஆகஸ்டில் மோசடியை ஒப்புக்கொண்டார். இவர்தான் 2021-இல், தன் திட்டத்தை விமர்சித்த ஒரு பொருளாதார நிபுணரிடம், ஏழைகளோடு ட்விட்டரில் விவாதிப்பதில்லை என்று பதில் சொன்னவர்.

பேராசை இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் மாதத்துக்கு 25, 30 சதவீதம் தருகிறோம் என்ற ஆருத்ரா கோல்டு மாதிரியான நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டதைப் பார்த்த ஊர் நமது. ஆனால் நஷ்டப்பட்டவனைப் பார்த்து மட்டும் "பேராசை" என்போம், அதே வட்டியைக் காட்டி அழைத்தவனை "தொழிலதிபர்" என்போம். ஆசைப்பட்டது மனிதக் குணம், பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே மறைத்தது குற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அரசு தலையிடுவது தனிமனிதச் சுதந்திரத்தில் கை வைப்பது இல்லையா?

சில நேரம் ஆமாம். டார்னேடோ கேஷ் விஷயத்தில் நான் சுதந்திரக் கட்சிதான். பரிவர்த்தனை யாருடையது என்பதை மறைக்கும் ஒரு நிரல் அது. வட கொரிய ஹேக்கர்கள் பயன்படுத்தினார்கள் என்று 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத் துறை அந்த நிரலையே தடைப் பட்டியலில் போட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாத ஒரு நிரல் யாருடைய சொத்தும் இல்லை, அதைத் தடை செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றது. 2025 மார்ச்சில் தடையை எடுத்தார்கள். ரகசியம் வேண்டுவோர் எல்லோரும் திருடர் இல்லை. செல்சியஸ் திவால் வழக்கில் வாடிக்கையாளர்களின் பெயரையும் பரிவர்த்தனைகளையும் 14,000 பக்கங்களுக்கு மேல் நீதிமன்ற ஆவணமாக வெளியிட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், பணமும் போய் அந்தரங்கமும் போனது.

இந்தியாவிலும், கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை அளவுக்கு மீறியது என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு.

ஆனால் பிளாக்ஃபை மீது 2022 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் மாநிலங்களும் 10 கோடி டாலர் அபராதம் போட்டபோதும் இதே சுதந்திரக் கூச்சல்தான் எழுந்தது. பதிவு செய், கடனில் எவ்வளவுக்கு அடமானம் இருக்கிறது என்பதை மக்களிடம் உண்மையாகச் சொல் என்பதுதான் அங்கே கேட்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கம்பெனி திவால்.

இஸ்லாமிய முறைப்படி இது கூடுமா?

காயினை வாங்குவது விற்பது பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்தோனேசியாவின் உலமா கவுன்சில் 2021 நவம்பரில் கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. கடனுக்கு முன்கூட்டியே பேசி வட்டி வாங்குவது மட்டும் தெளிவு, ரூபாயானாலும் பிட்காயினானாலும் அது ரிபாதான் (இஸ்லாத்தில் தடுக்கப்பட்ட வட்டி).

சரி, நான் போடலாமா வேண்டாமா?

உங்கள் பணம், உங்கள் முடிவு. நான் கம்பெனி வழியில் போட மாட்டேன், கடன் யாருக்குப் போகிறது, என்ன அடகுக்குப் போகிறது என்று எனக்குக் காட்டும் கம்பெனி ஒன்றை இன்னும் பார்க்கவில்லை. நிரல் வழியில் அது பிளாக்செயினில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அந்த ஒரு காரணத்துக்காக அதை மேல் என்பேன், பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ சொல்லாமல் மட்டும் போடாதீர்கள்.

நஷ்டம் வந்தால் வரியிலாவது கழிக்கலாமா?

முடியாது. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினில் வந்த லாபத்தோடுகூடக் கழிக்க விடமாட்டார்கள், அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வட்டியாக வந்த காயினை எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்கப் போகும்போது வாலட்டின் முழுக் கணக்கையும் எக்செலில் இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.